கூடைப்பந்து ஷூவும் வேலூர் வாசற்படிகளும்

வேலூரில் ஷூ வாங்கப் போகிறவர் கால் அளவைப் பார்ப்பதற்கு முன்னால், தன் ஒரு நாளில் எத்தனை வாசற்படி வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நிறம், பிராண்டு, விலை எல்லாம் அதற்கப்புறம்.

இப்படி ஒரு கட்சி எடுக்கும்படி ஆனது அக்கா மகனால். காட்பாடிப் பக்கம் கல்லூரியில் படிக்கிறான். ஒரு ராத்திரி நாலைந்து படங்களை அனுப்பி, "மாமா, இதுல ஒண்ணு டெய்லி போட்டுக்கலாமா? காலேஜ், வெளிய, எல்லாத்துக்கும் ஒரே ஷூ" என்று கேட்டிருந்தான். எல்லாம் ஒரே ரகம். தடித்த தட்டையான ரப்பர் சோல், விரல்களுக்கு மேலே பொடித் துளைகள், கணுக்காலைச் சுற்றிப் பஞ்சு வைத்த விளிம்பு, பக்கவாட்டில் பெரிய சின்னம். பழைய கூடைப்பந்து ஷூவின் சாயலில் இப்போது எல்லாக் கம்பெனியும் ஒன்று வைத்திருக்கிறார்களே, அது. அவன் பந்து ஆடுகிறவன் இல்லை. இந்த ஷூவை வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆடுவதில்லை என்பதால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆட்டத்துக்குச் செய்த ஒரு பொருள் ஆட்டமில்லாத ஒருவனின் நாளுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

அதற்கு அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கூடைப்பந்து 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்தது. பனிக்காலத்தில் பையன்களைக் கூரைக்குள்ளேயே ஓடவிட ஜேம்ஸ் நைஸ்மித் கண்டுபிடித்த விளையாட்டு. கூரைக்குள், மரத்தளத்தில், குளிர்நாட்டில். ஆட்டம் வளர்ந்ததும் அப்படித்தான், அதற்கான ஷூவும் அந்தத் தளத்துக்கும் அந்தக் குளிருக்கும் ஏற்றபடிதான் வளர்ந்தது. 1917ல் கான்வர்ஸ் ஆல் ஸ்டார், கான்வாஸ் துணியில். 1969ல் அடிடாஸ் சூப்பர்ஸ்டார், தோலில், விரல்களுக்கு மேலே ரப்பர் மூடியோடு. 1973ல் வால்ட் ஃப்ரேசியர் என்ற ஆட்டக்காரருக்காக ஸ்வேட் தோலில் பூமா கிளைட்.

1982ல் வந்தது நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1. புரூஸ் கில்கோர் வடிவமைத்தது. அந்தக் கம்பெனியின் கூடைப்பந்து ஷூவில் காற்றுப்பை முதலில் நுழைந்தது இதில்தான். அந்தக் காலத்தில் ஒரு மாடலைக் கொஞ்ச காலம் விற்று நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இதையும் நிறுத்தத்தான் போனார்கள். பால்டிமோர் நகரத்துக் கடைக்காரர்கள் விடவில்லை. எங்களுக்கு இதுதான் ஓடுகிறது, மறுபடி செய்து கொடுங்கள் என்று 1984ல் நச்சரித்து வாங்கினார்கள். பழைய மாடலைத் திரும்பக் கொண்டுவந்து விற்கும் வியாபாரம் இன்று இவ்வளவு பெரிதாக இருப்பதில் அந்தக் கடைக்காரர்களுக்குக் கட்டாயம் பங்கு உண்டு. 1985ல் ஏர் ஜோர்டன் வந்து மற்றதையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. 1989ல் வெளிவந்து யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத நியூ பேலன்ஸ் 550ஐ 2020ல் தூசி தட்டி எடுத்தார்கள்; கல்லூரி வாசலில் இன்று நின்றால் அதுவோ அதைப் பார்த்துச் செய்ததோ கண்ணில் படாமல் போகாது.

ஆட்டக்காரர்கள் இதற்குள் எங்கோ போய்விட்டார்கள். இன்றைய கூடைப்பந்து ஷூ பின்னல் துணியும் லேசான நுரையுமாக, ராக்கெட் பாகம்போல் இருக்கிறது. அதை ஜீன்ஸுக்குக் கீழே போட்டால் கால் மட்டும் தனியாகத் தெரியும். பழைய வடிவம் தெருவில் நிலைத்துவிட்டதற்குக் காரணம் அதன் அமைதிதான் என்று நினைக்கிறேன். தட்டையான சோல், தோல், ஒன்றிரண்டு நிறம். பேன்ட் மறைக்கும் பாதியை மறைத்துவிட்டால் மீதி சாதாரண ஷூ.

சரி, கண்ணுக்குப் பொருந்துகிறது. காலுக்கு?

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. பையன் தோழனிடமிருந்து ஒரு ஜோடியைப் பார்ப்பதற்கென்று வாங்கி வந்திருந்தான், கணுக்காலுக்குக் கீழே நிற்கும் லோ மாடல். ஆம்பூரிலிருந்து சித்தப்பாவும் வந்திருந்தார். ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷனில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, லாஸ்ட் என்ற கால்வடிவ அச்சின் மேல் இழுத்து, அடியில் மடித்து ஒட்டுகிற இடம் அது. கல்யாண வீட்டில்கூட எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைப் பார்க்கிற மனிதர்.

ஒற்றை ஷூவைக் கையில் வாங்கியதும், "இன்னாடா இது, செங்கல் கணக்கா கீது" என்றார். பிறகு பேச்சில்லை. பின்பக்கத்தில் குதிகாலைப் பிடித்து நிற்கும் விறைப்பான பாகத்தை, கவுண்டரை, கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழாமல் திருப்பித் தள்ளியது. தலையை ஆட்டிக்கொண்டார். மூக்குப் பக்கத்தைப் பிடித்து மேலே வளைத்தார். விரல் மடங்குகிற இடத்தில் மடங்காமல் சோல் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் வளைந்தது. விட்டதும் மேல் தோலில் குறுக்கே இரண்டு சுருக்கம் நின்றது. இன்சோலை நகத்தால் நெம்பித் தூக்கி உள்ளே பார்த்தார். கடைசியாகச் சோலின் பக்கச் சுவரில் ஓடும் தையலைத் தடவிக் காட்டினார்.

"பாத்தியா, பசைய மட்டும் நம்பல. சுத்தித் தையல் போட்டுகிறான். இது சீக்கிரம் வாய் பொளக்காது."

"அப்ப நல்ல ஷூவா தாத்தா?"

"வேலை சுத்தம். ஆனா பக்கவாட்டுல குதிக்கிறவனுக்குச் செஞ்ச சோல் இது. நேரா நடக்கிறவனுக்கு மொதல்ல கொஞ்ச நாள் அடங்காது. அடங்கற வரிக்கும் குதிகால உரசும், பொறுத்துக்கோ."

இதை நான் விரித்துச் சொல்கிறேன். இந்த ரகத்துச் சோலைக் கப் சோல் என்பார்கள். விளிம்பு உயர்ந்த ரப்பருக்குள் அப்பரை இறக்கி, ஒட்டி, பக்கச் சுவரோடு சேர்த்துத் தைப்பது. கான்வாஸ் ஷூவின் மெல்லிய சோலைவிட இது கனம், விறைப்பு, ஆயுளும் அதிகம். அகலமான அடிப்பாகம் ஆட்டக்காரன் பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது கால் புரளாமல் இருக்க. கணுக்கால் பஞ்சும் அதற்கே. அடியைத் திருப்பிப் பார்த்தால் சில மாடல்களில் கட்டைவிரல் மேட்டுக்கு நேர் கீழே வட்டத்துக்குள் வட்டமாக வரி இருக்கும். ஒரு காலை ஊன்றிச் சுழல்வதற்காக வெட்டியது. நம் ஊரில் அந்த வட்டத்துக்கு வேலை, பார்க்கிங்கில் நெருக்கி நிறுத்திய வண்டியை ஒற்றைக் காலை ஊன்றித் திருப்பி எடுக்கும்போது மட்டும்தான். மற்ற நேரம் அதில் பொடிக்கல் மாட்டிக்கொண்டு டைல்ஸ் தரையில் கீச்சிடும்.

வண்டி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. வெள்ளை ஷூ போட்டு பைக் ஓட்டுகிறவர்களின் இடது கால் ஷூவைப் பாருங்கள். மூக்குக்குக் கொஞ்சம் பின்னால், மேல் தோலில், கறுப்பாக ஒரு தழும்பு இருக்கும். கியர் லீவரை மேலே தூக்கித் தூக்கி விழுந்தது. எந்தத் திரவம் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது, போகும்போது மேல் பூச்சையும் கொண்டுபோகும். முன்னும் பின்னும் மிதிக்கிற லீவர் உள்ள வண்டியில் இந்தத் தொல்லை இல்லை; ஸ்கூட்டியில் கேள்வியே இல்லை. மற்ற வண்டிகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. தடித்த மூக்கு லீவருக்குக் கீழே சுலபமாக நுழையாது. கணுக்காலையும் மூடுகிற ஹை டாப் என்றால் கணுக்காலும் மடங்காமல் ஒவ்வொரு கியருக்கும் முழங்காலையே தூக்க வேண்டியிருக்கும். சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த டிராஃபிக்கில் ஹை டாப் போட்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹை டாப்பை என் கணக்கில் அங்கேயே கழித்துவிட்டேன்.

வெயில் அடுத்தது. மே மாதத்தில் இங்கே நாற்பது டிகிரிக்கு மேல் போவது செய்தியே இல்லை. தோல் அப்பர், உள்ளே பஞ்சு வைத்த லைனிங், அடியில் இரண்டு விரல் ரப்பர். காற்று வர வழி அந்த மூக்குத் துளைகள் மட்டும். அது போதாது. நல்ல தோல் கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பூச்சு பூசிய செயற்கைத் தோல் இழுக்காது, வியர்வை சாக்ஸிலேயே நிற்கும். காட்டன் சாக்ஸ் போடலாம். அதைவிடப் பலன் தருவது, ஒருநாள் போட்டால் மறுநாள் போடாமல் இருப்பது. உள்ளே ஏறிய ஈரம் ஒரு ராத்திரியில் காய்வதில்லை. ஆக, 'டெய்லி' என்று பையன் கேட்டதில் டெய்லியை முதலில் வெட்ட வேண்டியதாயிற்று. காய வைக்கிறேன் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்தால் தோல் விறைத்துப் பசை இளகும். நிழலில், உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து வைப்பதே வழி. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இந்த ஷூ ஆகவே ஆகாது. காற்று வரப் போட்ட துளை வழியாகத் தண்ணீர் தாராளமாக வரும்.

இப்போது வாசற்படிக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் காலையில் கட்டிய லேஸைச் சாயங்காலம் அவிழ்ப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நம் கதை அப்படியா? என் நாளைச் சொல்கிறேன். வீட்டில் கழற்று. ஆடிட்டர் ஆபீசில், "காலணிகளை வெளியே விடவும்". பல் டாக்டரிடம் அதே போர்டு. வழியில் பெரியம்மா வீட்டில் தலையைக் காட்டாமல் போக முடியாது. அங்கே ஷூவோடு வாசலைத் தாண்ட முடியாது. சாயங்காலம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஸ்ரீபுரம். நட்சத்திர வடிவப் பாதையில் சுற்றி நடந்து பொற்கோவிலை அடைவதற்கு முன்பே செருப்பை ஒப்படைத்துவிட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் குனிந்து லேஸை அவிழ்த்து, சாக்ஸை உருட்டி உள்ளே திணித்து, திரும்பி வந்ததும் ஒற்றைக் காலில் தள்ளாடி, மறுபடி கட்டி. இதை ஒருவன் ஒழுங்காகச் செய்வது முதல் வாரம்தான். பிறகு லேஸைத் தளர்த்திக் கட்டியபடியே விட்டு, குதிகாலால் பின்பக்கத்தை மிதித்து நுழைத்துக்கொள்வான். சித்தப்பா கட்டைவிரலால் அழுத்தித் தலையாட்டினாரே, அந்தக் கவுண்டர் அத்தோடு சாய்ந்தது. ரன் டி.எம்.சி. என்ற நியூயார்க் ராப் குழுவினர் 1980களில் சூப்பர்ஸ்டாரை லேஸே இல்லாமல் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்கள், அது ஸ்டைல் ஆனது. அவர்கள் பல் டாக்டர் வாசலில் கழற்றியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் திருட்டு பயம். நூற்றைம்பது ரூபாய்ச் செருப்பைக் கோவில் வாசலில் விட்டுவிட்டுப் போகிறவனின் சாமி தரிசனம் வேறு, எட்டாயிரம் ரூபாய் ஷூவை விட்டுவிட்டுப் போகிறவனின் தரிசனம் வேறு. டோக்கன் கொடுத்து வைக்கிற இடம் இருந்தாலும் மனசு டோக்கனிலேயே இருக்கும்.

ஷூவைப் பற்றிப் பேச வேலூரைவிடத் தகுதியுள்ள ஊர் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோல்தான். 1989ல் மாவட்டத்தைப் பிரித்து, 2019ல் மறுபடி மூன்றாக்கி, ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் கணக்கில் இருக்கிறது. விடிகாலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்களுக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது. அதே பழைய மாவட்டத்தின் இன்னொரு மூலையில், செய்யாறு சிப்காட்டில், தைவான் கம்பெனி ஒன்று நைக்கிக்கு ஷூ செய்கிறது. பையன் அமெரிக்கப் பொருள் என்று ஆசையாகப் பார்ப்பதில் நம் ஊர்ப் பெண்களின் கைத்தையல் இருக்க நிறையவே வாய்ப்பு.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறொரு சரித்திரம். 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் நோயால் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி மரத்துப்போன காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது என்று கண்டார். அப்படியென்றால் மருந்தோடு செருப்பும் சிகிச்சை. வேலூரிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அதிலிருந்து வளர்ந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு, நுண்துளை ரப்பர் வைத்தது. இப்போது சர்க்கரை நோயாளிகள் போடுகிறார்களே, அதுவே. எங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி வாசலில் கிடக்கிறது. அதன் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, உடனே இந்தக் கூடைப்பந்து ஷூவின் இன்சோலை அழுத்திப் பாருங்கள். முதலாவது விரலை உள்ளே வாங்கி மெதுவாகத் திரும்பும். இரண்டாவதில் மெல்லிய நுரை, அதற்குக் கீழே சீக்கிரமே கெட்டியாகத் தட்டுகிறது. பாத வளைவுக்கும் பெரிய தாங்கல் கிடையாது. இருபது வயதுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர் உள்ளே வேறு இன்சோல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கால் மரத்துப்போகிற சர்க்கரைக்காரர் மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு இதை வாங்க வேண்டாம், மருத்துவமனையில் கேட்டு வாங்கட்டும்.

தோலா, செயற்கையா என்ற கேள்விக்கு இங்கே வெறும் விலையை வைத்துப் பதில் சொல்ல முடியாது. குரோம் போட்டுப் பதனிட்ட தோலுக்குப் பாலாறு கொடுத்த விலை நமக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்னது சட்டக் கல்லூரிப் பாடமாகிவிட்டது. ஆற்றோரத்துக் கிணறுகள் அதற்கு முன்பே கெட்டுவிட்டன. அதற்காகச் செயற்கைத் தோல் சுத்தமானது என்று நான் சொல்ல மாட்டேன். அது பிளாஸ்டிக். நம் சூட்டிலும் ஈரத்திலும் மடங்குகிற இடத்தில் செதில் செதிலாக உரிந்து சீக்கிரமே குப்பைக்குப் போகும். தோல் சுருங்கும், உரியாது. துடைத்துப் பாலிஷ் போட்டால் பல வருஷம் வரும். வாங்குவதென்றால் தோலை வாங்கி நெடுநாள் போடு என்பதே என் பக்கம். ஃபர்ஸ்ட் காப்பி என்று விற்கிற போலிச் சமாச்சாரம் வேண்டவே வேண்டாம். அதில் பக்கச் சுவரில் தையல்போல் அச்சு மட்டும் குத்தியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவுக்கு ஒரு வார்த்தை. யு.கே. 8 என்றால் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றில்லை. நைக்கி பெட்டியில் அதே 8க்கு 27 செ.மீ. என்றிருக்கும், அடிடாஸில் 26.5. சென்டிமீட்டரைப் பாருங்கள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்தே இருக்கும், சாயங்காலம் இன்னும் கொஞ்சம் வீங்கும். அந்த நேரத்தில் போய்ச் சாக்ஸோடு போட்டுப் பார்ப்பது நல்லது. விலையில் 2,500 ரூபாய்தான் கோடு. 2025 செப்டம்பரிலிருந்து அந்த விலை வரைக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 18. பெயர் பெற்ற ரெட்ரோ, அதாவது பழைய மாடலைத் திரும்பச் செய்த ஷூ எதுவும் கோட்டுக்கு இந்தப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்காது.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நேராக விழும் ஜீன்ஸ், காட்டன் பேன்ட், பெண்களுக்குக் குர்தி, எல்லாவற்றுக்கும் போகிறது. ஒட்டிப்பிடிக்கும் பேன்டுக்குக் கீழே மட்டும் ஷூ படகாகிவிடும். பளீர் வெள்ளை வேண்டாம். பழசுபோலத் தெரிய வேண்டுமென்றே சோலை மஞ்சள் பாய்ந்த வெள்ளையில் செய்கிறார்களே, அதை எடுக்கலாம். இந்தப் புழுதியில் எப்படியும் அந்த நிறத்துக்குத்தான் வரப்போகிறது.

அதே ஷூவுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பதில் வந்தது. பையன் ஹாஸ்டலிலிருந்து எட்டரைக்குக் கிளம்பினால் நாலு மணி வரை கழற்ற வேண்டிய இடமே இல்லை. லேபிலும் கான்டீனிலும் அவனை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. ஓட்டுவது ஸ்கூட்டி. அவனுக்கு லோ டாப், தோல், பழுப்பு வெள்ளை, வாரத்தில் மூன்று நாலு நாள். தாராளமாகப் பொருந்தும் என்றேன். எனக்கு வேண்டாம். ஆசை இல்லாமல் இல்லை. என் வேலை வாசல் வாசலாக ஏறி இறங்குவது, அதற்குப் பட்டை வைத்த தோல் செருப்பே போதும். "நீங்க ஸ்லிப் ஆன் மாதிரி பாருங்க மாமா" என்று பையன் அதற்கும் நாலு படம் அனுப்பியிருக்கிறான்.

சித்தப்பா போகும்போது அவனிடம், ஆம்பூர் பைபாஸ் கடையில் சர்ப்ளஸ் ஏதாவது வந்தால் பார்த்துச் சொல்கிறேன், அவசரப்பட்டு ஆன்லைனில் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். சரி தாத்தா என்றான். அன்றைக்கு ராத்திரியே ஆர்டர் போட்டுவிட்டான் என்று அக்கா சொல்கிறாள். லேஸ் இன்னொரு ஜோடி சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன், வெள்ளை வேண்டாம்.